நாங்க நடக்கப் போறோம்

இந்தப் பாலைவன ஊரில் குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை பொத்துப்போகும். மாடித் தொட்டி நாளெல்லாம் வெயிலில் கிடப்பதால் அப்படி. அதனால் கோடை தொடங்கியதும் குளியலறை ஹீட்டரை அணைத்துவிடுகிறார்கள். வீட்டுக்குள் ஏசியில் ஆறிக் கிடக்கும் அந்த ஹீட்டர் தண்ணீர்தான் குளிக்க. வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர்.

வந்த அன்று மகன் இதை விளக்கியபோது, "என்னடா, எல்லாம் தலைகீழா இருக்கு?" என்றேன்.

"ரெண்டு தடவை சூடு பட்டா பழகிடும்மா."

பெரிய கட்டடங்களுக்குக் குளிர்சாதனம் அமைக்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. இந்த ஊரில் மழை பெய்யாவிட்டாலும் அவன் வேலைக்குக் குறைவு வராது. நான் இங்கே வந்தது முட்டியால். என் வீடு மாடியில், படிகள் செங்குத்து. ஒரு நாள் பாதிப் படியில் வலது முட்டி மடங்க மறுத்துவிட்டது. காய்கறிப் பையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டுக்காரர் கை கொடுத்து மேலே ஏற்றிவிட்டதோடு நிற்காமல், மகனுக்குப் போன் போட்டு ஒன்றைப் பத்தாகச் சொல்லிவிட்டார். "கொஞ்ச நாள் வந்து இரு. பிடிச்சா இங்கயே இருந்துடு," என்று மகன் கூப்பிட்டான். பிடிச்சா என்று அவன் சொன்னது யாருக்குப் பிடித்தால் என்று நான் கேட்கவில்லை. ஆனால் விமானத்தில் வரும்போதெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மருமகள் பிசியோதெரபிஸ்ட். இடுப்பும் முட்டியும் அறுவை செய்துகொண்டவர்களை மறுபடி நடக்க வைப்பது அவள் தொழில். வீட்டிலும் அந்தத் தோரணை போகாது. மகன் சோபாவில் வளைந்து உட்கார்ந்தால் போகிற போக்கில் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவாள். அவன் வைத்த பெயர் டிரில் மாஸ்டர். அவள் பிறந்து வளர்ந்தது வேறொரு தேசத்தில். அவள் பிறப்பதற்கு வெகு முன்பே அந்தக் குடும்பம் அங்கே போய்விட்டது. தமிழ் அவளுக்கு அப்பாவிடமிருந்தும் சமையலறையிலிருந்தும் வந்தது. படிக்கத் தெரியாது. நிரம்பிய குடத்தைத் தூக்கி வருகிறவள் போல, சிந்திவிடாமல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவாள்.

வந்து மூன்றோ நான்கோ நாள் ஆகியிருக்கும். விடிந்தும் விடியாத நேரம். கையில் ஒரு ஜோடி ஷூவோடு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அத்தை, நாங்க நடக்கப் போறோம்."

"போயிட்டு வாங்கம்மா," என்றேன்.

அவள் உடனே போகவில்லை. கொஞ்சம் நின்றாள். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். லிப்டின் முன்னால் மகன் கொட்டாவி விடுகிற சத்தம் கேட்டது.

சின்னஞ்சிறுசுகள், கல்யாணமாகி எவ்வளவு நாளாகிறது, இரண்டு பேருமாகப் பேசிக்கொண்டு நடக்கட்டும் என்று நினைத்தேன். மனசு நிறைவாகவே நினைத்தேன் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அதன்பின் அந்தச் சொல் வீட்டில் அங்கங்கே தட்டுப்பட ஆரம்பித்தது. "அத்தை, நாங்க கடைக்குப் போறோம்." "அத்தை, ஞாயித்துக்கிழமை நாங்க கடல் பாக்கப் போறோம்." நாம என்றால் கேட்கிறவருக்கும் அதில் ஓர் இடம் உண்டு. நாங்க என்றால் கேட்கிறவர் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு தடவையும் நான் "போயிட்டு வாங்க" என்பேன், இன்முகமாக. இன்முகம் காட்டுவது எனக்கு வரும்.

பாடப்புத்தகம் அச்சிடுகிற இடத்தில் பிழை திருத்துகிறவளாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒற்று மிகுமா மிகாதா என்பதற்காக ஆட்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். சொல்லின் மேல் எனக்கு இருக்கிற கவனம் மனுஷர் மேல் இல்லை என்று என் கணவர் உயிரோடு இருந்தபோது கேலி செய்வார். அதனால்தானோ என்னவோ, அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனபின் ஜன்னலில் நிற்பேன். கீழே பஸ் நிற்குமிடத்தில் கூரை கிடையாது. ஒரு விளக்குக் கம்பம் உண்டு. வெயில் ஏறியதும் அந்தக் கம்பத்தின் நிழலுக்குள் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக, கம்பத்தின் அகலத்துக்குத் தங்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பார்கள். நிழல் நகர நகர வரிசையும் கூடவே நகரும். யாரும் யாரையும் இடிக்காமல், யார் நிழலையும் பிடுங்காமல். நானும் இந்த வீட்டில் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றும். தோன்றியதும் சிரிப்பு வரும். இவ்வளவு நல்ல பிள்ளைகள் இருக்கிற வீட்டில், ஏசி ஓடுகிற அறையில் நின்றுகொண்டு என்ன பெரிய துக்கம் வேண்டிக்கிடக்கிறது?

பிறகு ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்.

"அத்தை, அடுத்த மாசம் நாங்க வேற வீட்டுக்குப் போறோம். சின்ன வீடு. என் கிளினிக்குப் பக்கத்துல."

"நல்லதும்மா," என்றேன். என் புடவைகளை மட்டும் அந்தக் குவியலிலிருந்து தனியாகப் பிரித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் மகனிடம், "டிக்கெட் போடுடா," என்றேன்.

"ஏம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. வீடு பூட்டிக் கிடக்கு."

"பூட்டிக் கிடந்தா என்ன, உன்னைக் காணோம்னு அழுவுதா அது?"

சமையலறையிலிருந்து மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் தரையில் உட்கார்ந்து, கேட்காமலேயே முட்டியின் உள்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினாள். "ஸ்ஸ்" என்றேன்.

"இந்த முட்டியோட அந்தப் படிக்கு அனுப்ப மாட்டேன் அத்தை. ஏறி இறங்கிக் காட்டுங்க. அப்புறம் போங்க."

"ஆரம்பிச்சுட்டாங்க டிரில் மாஸ்டர்," என்றான் மகன்.

அதைக் கண்டிப்பு என்று எடுத்துக்கொள்வதா, கரிசனம் என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் எனக்கு ஒரு வழி கிடைத்தது. முட்டி தேறினால் மரியாதையாகக் கிளம்பிவிடலாம். வாழ்நாளில் ஒரு முறைகூட உடற்பயிற்சி செய்திராத நான், அந்த வீட்டைவிட்டுப் போவதற்காகச் செய்வது என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை கூடத்தில் இரண்டு பாய் விரித்தாள். துண்டைச் சுருட்டி என் முட்டிக்கு அடியில் ஒன்று, தன் முட்டிக்கு அடியில் ஒன்று வைத்தாள். இரண்டு பேரும் மல்லாந்து படுத்தோம்.

"அத்தை, இப்ப நாங்க காலை நேரா வைக்கறோம்."

வைத்தாள். பார்த்தேன்.

"முட்டியால துண்டை அமுக்கறோம்."

அமுக்கினாள். தொடைத் தசை இறுகுவது நன்றாகத் தெரிந்தது.

"இப்ப நாங்க காலைத் தூக்கறோம். மெதுவா."

அவள் கால் வில் போல எழுந்து அந்தரத்தில் நின்றது.

"அழகாத் தூக்கறே," என்றேன்.

கால் இறங்கியது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "நீங்க ஏன் தூக்கலை?"

"நீ காட்டி முடிம்மா. அப்புறம் நான் பண்றேன்."

"நான் காட்டலை அத்தை. நாங்க பண்றோம்."

"அதான் பண்ணுன்னு சொல்றேன்."

"நான் இல்லை. நாங்க!"

"நாங்கன்னா யாரு? அவன் உள்ள பல்லு தேய்க்கறான்."

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முட்டியில்தான் கோளாறு என்று நினைத்திருந்தவள், இப்போது வேறு இடத்தில் சந்தேகப்படுவது போலப் பார்த்தாள். தன் மார்பில் ஒரு விரலை வைத்தாள். பிறகு அதே விரலை என் மார்பில் வைத்தாள்.

"நான். நீங்க. நாங்க."

வாயில் நுரையோடு மகன் எட்டிப் பார்த்தான். "அவங்க வீட்டுல நாம கிடையாதும்மா. எல்லாத்துக்கும் நாங்கதான். உனக்குத் தெரியாதா?"

"தெரியாதாவா? இதை ஏண்டா முன்னாடியே சொல்லலை?"

"எனக்கு இப்பல்லாம் அது காதுலயே விழறதில்லை," என்று சொல்லிவிட்டுத் துப்பப் போய்விட்டான்.

நான் படுத்தபடியே விட்டத்தைப் பார்த்தேன். ஏசியின் வாய் மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தது. அச்சாகி வந்துவிட்ட புத்தகத்தில் பெரிய பிழை ஒன்று கண்ணில் பட்டால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்குவேன். இப்போதும் தொடங்கினேன்.

"அப்போ, அன்னிக்கு விடிகாலையில வந்து நின்னியே. நாங்க நடக்கப் போறோம்னு..."

"ஆமா. ஷூவும் கொண்டுவந்தேன். நீங்க வேண்டாம்னுட்டீங்க."

"அது உன் ஷூ இல்லையா?"

"என் ஷூ என் கால்ல இருந்துச்சு!"

எழுந்துபோய்ச் செருப்பு அலமாரியைத் திறந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வந்தாள். சாம்பல் நிறத்தில், முன்பக்கம் அகலமாக, என் அளவில் ஒரு ஜோடி. நான் வருவதற்கு முன்பே என் அளவை மகனிடம் கேட்டு வாங்கி வைத்ததாம்.

"கடைக்கும் கூப்பிட்டேன். கடலுக்கும் கூப்பிட்டேன். எல்லாத்துக்கும் போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க. ஒரு நாள் அழுதுட்டேன் அத்தை. உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கலைன்னு இவர்கிட்ட சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"எங்கம்மாவுக்கு யாரையுமே பிடிக்காது, கவலைப்படாதேன்னாரு."

உள்ளேயிருந்து, "நான் அப்படிச் சொல்லலை!" என்று குரல் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பு கொஞ்சம் முந்தியே நின்றுவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, தூக்குங்க," என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் நடந்தோம். சூரியன் எழுவதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாகிவிடும். கொஞ்ச தூரம் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு குருடி மாதிரி நடப்பேன். கண்ணாடி தெளிந்த பிறகும் கையை எடுப்பதில்லை. என்றாவது கிளம்பத் தாமதமாகிவிட்டால் திரும்பும்போது வெயில் பக்கவாட்டில் அடிக்கும். அவள் பேச்சை நிறுத்தாமலே இடம் மாறி வெயில் பக்கமாக வந்துவிடுவாள். அவள் நிழலில் நடந்து வீடு வருவேன்.

அவளைத் திருத்தலாமா என்று ஆரம்பத்தில் ஒரு முறை நாக்கு வரை வந்தது. திருத்திப் பழகிய நாக்கு. ஆனால் யோசிக்க யோசிக்க அது பிழையாகவே படவில்லை. அவர்கள் வீட்டு வழக்கு அது. நாலு பேர் கூடிப் பேசும்போது ஒருத்தரை மட்டும் வெளியே நிறுத்துவதற்கென்று எங்களிடம் ஒரு தனிச் சொல் இருக்கிறது. அவர்களிடம் இல்லை. யார் யார் உள்ளே என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருந்தது. பழைய நாங்கக்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் படித்துவிட்டேன். கடை, கடல், நடை எல்லாம் சரியாயிற்று. அந்த வீடு மட்டும் எப்படிப் படித்தாலும் இரண்டு விதமாகவும் வந்தது. அடுத்த மாசம் நாங்க வேற வீட்டுக்குப் போறோம். சின்ன வீடு. சின்ன வீட்டில் எத்தனை பேர்?

கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை. எனக்கு வேண்டியதை நானாகக் கேட்டுப் பழக்கமில்லை. எதிராளி தருவாரா என்று பார்த்து, தருகிற மாதிரித் தெரிந்தால் அதுதான் எனக்கு வேண்டியது என்று ஆக்கிக்கொள்வேன். அதில் ஒரு சௌகரியம் உண்டு; யாரும் எனக்கு இல்லை என்று சொல்ல முடியாது. அவளும் வீட்டுப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. டிக்கெட் பேச்சை நானும் எடுக்கவில்லை. முட்டி மட்டும் யாரையும் கேட்காமல் தேறிக்கொண்டே வந்தது.

பரீட்சை வைக்கிற நாள் வந்தது. கட்டடத்தின் அவசர வழிப் படிக்கட்டு. கனமான இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் ஏசி இல்லாத, ஜன்னல் இல்லாத சிமென்ட் கிணறு. அங்கே யாரும் வருவதில்லை. அடுப்புக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

"ஏறும்போது நல்ல கால் முதல்ல. இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. மறக்கக் கூடாது," என்றாள்.

"நல்லது மேல, கெட்டது கீழ. மறக்கற விஷயமா இது?"

ஏறினேன். கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, ஆனால் தொங்காமல். அடுத்த மாடித் திருப்பம்வரை ஏறி, இறங்கி, மறுபடி ஏறினேன். முட்டி முனகியது, ஆனால் மறுக்கவில்லை. அவள் எனக்கு ஒரு படி கீழே, நான் சாய்ந்தால் பிடிக்கிற மாதிரிக் கைகளை வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினேன். வேர்வை கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது.

"பாஸ்," என்றாள். குரலில் உற்சாகமே இல்லை. "இவர்கிட்ட டிக்கெட் போடச் சொல்றேன்."

"அந்தச் சின்ன வீடு..." என்றேன். மூச்சு இரைத்ததால் சொல்லை ஜோடிக்க முடியவில்லை. ஜோடிக்க முடிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். "நாங்க போறோம்னு சொன்னியே. அது எந்த நாங்க?"

அவள் படியில் உட்கார்ந்தாள். நீங்களும்தான் அத்தை என்று அவள் சுலபமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

"அது நானும் அவரும்," என்றாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க எப்படியும் இருக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். எங்க கூப்பிட்டாலும் வரலை. அப்புறம் எதுக்குப் பெரிய வீடுன்னு நான்தான் அந்த வீட்டைப் பார்த்தேன். இவருக்கு இஷ்டம் இல்லை. நான்தான் சொன்னேன்." கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கோபமா அத்தை?"

வலித்தது. அவள் என் முட்டியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேடும்போது, சரியான இடம் அகப்பட்டதும் ஒரு வலி வருமே, அந்த மாதிரி வலி. இதுதான் இடம் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது.

"இப்ப?" என்று கேட்டேன்.

"இப்ப நீங்க போயிட்டா நான் யாரோட நடப்பேன்? இவரைக் கூட்டிட்டுப் போனா நாலு அடி வெச்சதும் போனை எடுக்கறார்."

"வீடு முடிவாயிடுச்சா?"

"இன்னிக்குச் சாயங்காலம் தரகர் சாவி கொண்டுவரார். பாத்துட்டு சரின்னா சரின்னு சொல்லணும். வேண்டாம்னா வேண்டாம்."

"நானும் வரேன்," என்றேன். யாரும் கூப்பிடாத இடத்துக்கு நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

சாயங்காலம் காரில் போனோம். சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு தொட்டால் சுடும் என்று மகன் கைக்குட்டையைச் சுற்றி எனக்கு மாட்டிவிட்டான். புது வீடு பழைய கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் இருந்தது. படியே இல்லை. தரகர் கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்று யாருடனோ போனில் பேச ஆரம்பித்தார். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறையை ஒட்டி இஸ்திரி மேசையும் காலிப் பெட்டிகளும் வைக்கிற மாதிரி ஓர் அறை. அறை என்றால் மரியாதைக்குச் சொல்வது. ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியே பக்கத்துச் சுவர் தெரிந்தது; சுவரில் மாலை வெளிச்சம் இருந்தது.

"அம்மாவுக்கு இங்க கட்டில் போடலாம்," என்றான் மகன், சந்தேகமாக.

"கட்டில் போட்டா பயிற்சி எங்க பண்றது?" மருமகள் கைப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, வெறும் தரையில் மல்லாந்து படுத்தாள். காலை நீட்டித் தூக்கினாள். பாதம் சுவரில் இடித்தது. "பாருங்க. முடியாது. எனக்கு இந்த வீடு வேண்டாம்."

"நீதானேடி இந்த வீட்டுக்காக ஒத்தக் கால்ல நின்னே?"

"இப்ப ரெண்டு கால்லயும் படுத்துட்டு சொல்றேன், வேண்டாம்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். தரை குளிர்ச்சியாக இருக்கும் போலத் தெரிந்தது. இந்த அறை எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். பரவாயில்லை, போதும், சமாளிச்சுக்கலாம் என்றெல்லாம் என் மனசு வழக்கமாகச் சொல்லுமே, அந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. வேண்டும் என்றுதான் வந்தது.

சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தேன்.

"அம்மா, என்ன பண்றே? புடவை அழுக்காகும்."

"தள்ளுடா." மருமகளுக்குப் பக்கத்தில், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காகப் படுத்தேன். வலது காலைத் தூக்கினேன். இடிக்கவில்லை. "குறுக்கா படுத்தா சரியா இருக்கு பாரு. கட்டிலை அந்தச் சுவரோரம் போடு. ஜன்னல் பக்கம் எனக்கு."

மருமகள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் உடம்பை நகர்த்திக் குறுக்காக்கிக்கொண்டு காலைத் தூக்கினாள். இரண்டு கால்கள் அந்த ஜன்னலுக்கு நேராக நின்றன. என்னுடையது ஆடியது.

போனை முடித்துவிட்டு உள்ளே வந்த தரகர் வாசலிலேயே நின்றுவிட்டார். தரையில் கிடக்கிற இரண்டு பெண்களையும், தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிற மகனையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் பாஷையில் என்னவோ கேட்டார். மருமகள் காலை இறக்காமலே பதில் சொன்னாள்.

"என்ன கேக்கறார்?"

"வீட்டுல எத்தனை பேர் இருப்பீங்கன்னு கேக்கறார்."

"நீ என்ன சொன்னே?"

"மூணு."

காலை இறக்கினேன். தரகர் தலையாட்டிவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்து காட்டப் போனார். மகன் பின்னாலேயே போனான். நாங்கள் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தோம். பிறகு அவள் ஒரே துள்ளலில் எழுந்து நின்று, "வாங்க அத்தை," என்றாள்.

எழப் பார்த்தேன். வீட்டில் பாயிலிருந்து சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுவேன்; பிடிமானம் இல்லாமல் எழுந்திருப்பதற்கு அவள் இன்னும் பயிற்சி ஆரம்பித்திருக்கவில்லை.

"எழுந்திருக்க முடியலை," என்றேன். "தூக்கி விடு."

இரண்டு கைகளையும் நீட்டினாள்.